காலி வண்டி எல்லாம் நல்லாத்தான் பறக்கும்

அக்கா மகன் ராத்திரி பத்தரை மணிக்குப் போன் பண்ணினால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். செல்லுக்கு ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் கப்பல் விழுந்திருக்கும். போன மாதம் விழுந்தது கப்பல்.

“மலைச் சரிவுல நின்னுட்டே தோண்டிட்டு இருந்தேனுங்க மாமா. திடீர்னு கீழ எறங்க ஆரம்பிச்சுது. மெதுவாத்தானுங்க. ஸ்பேஸ் பட்டனை விடாம அமுத்தறேன், நிக்கவே மாட்டேங்குது. அடியில பள்ளம். அவ்ளோதான்.”

“என்ன லோடு கண்ணு?”

“இரும்புத் தாதுங்க. பெட்டி முக்காவாசி கூட நெறையலைங்க மாமா. போறப்ப நல்லாத்தான் போச்சு.”

இந்த ‘போறப்ப நல்லாத்தான் போச்சு’ என்பதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன். எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, சங்ககிரியில் லாரி ஓட்டியவர். வழியில் நின்றுபோன வண்டிக்காரர் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்களாம். காலி வண்டி எல்லாம் நல்லாத்தான் போகும் என்பார் அப்புச்சி. அன்றைக்குப் போனில் ஒரு மணி நேரம் மருமகனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். விண்வெளி விளையாட்டில் சுரங்கக் கப்பல் கட்டப் போகிற எல்லாருக்கும் இது உதவும்.

அவன் ஆடுவது ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ். பிராக் நகரத்தில் இருக்கும் கீன் சாஃப்ட்வேர் ஹவுஸ் செய்த விளையாட்டு. 2013-இல் அரைகுறையாக வெளிவந்து, 2019-இல் முழுசாக வந்தது. இதில் கப்பலைக் கடையில் தேர்ந்தெடுப்பது குறைவு, நாமே கட்டுவதுதான் அதிகம். கட்டை கட்டையாக அடுக்கி, கம்பி இழுத்த மாதிரி குழாய் பூட்டி, உந்துவிசைக்கு த்ரஸ்டர் மாட்டி, முன்னால் ட்ரில் வைத்துப் பாறையைக் குடைந்து தாது எடுக்க வேண்டும். தாதுவை உருக்கினால்தான் அடுத்த கட்டை கிடைக்கும். எடை, விசை, மின்சாரம் எல்லாம் கிட்டத்தட்ட நிஜ இயற்பியல்படி நடப்பதால் ஏமாற்ற முடியாது. நோ மேன்ஸ் ஸ்கை மாதிரியான விளையாட்டுகளில் கப்பலை அப்படியே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். சி, பி, ஏ, எஸ் என்று தரம் போட்டிருப்பார்கள். அங்கே கணக்குப் போட வேண்டிய அவசியம் குறைவு. நமக்குக் கணக்குதான் பிடிக்கும் என்பதால் ஸ்பேஸ் இன்ஜினியர்ஸை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. இதில் கட்டைகள் இரண்டு அளவு. ஸ்மால் கிரிட் என்றால் ஒரு கட்டை அரை மீட்டர். லார்ஜ் கிரிட் என்றால் இரண்டரை மீட்டர். இரண்டையும் கலந்து ஒரே உடம்பாகக் கட்ட முடியாது. ஆரம்பத்தில் கையில் இருக்கும் இரும்புக்கு ஸ்மால் கிரிட்தான் கட்டுப்படியாகும். லார்ஜ் கிரிட் கப்பல் ஒன்றுக்குச் செலவாகும் இரும்புத் தகட்டில் நாலைந்து சின்னக் கப்பல் கட்டிவிடலாம். அதனால் கீழே வரும் எண்கள் எல்லாம் ஸ்மால் கிரிட்டுக்கு. பெட்டிகளின் கொள்ளளவு ‘ரியலிஸ்டிக்’ அமைப்பில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மடங்கு, பத்து மடங்கு என்று மாற்றி ஆடுகிறவர்கள் தங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளட்டும்.

சரி, மருமகன் கப்பல் ஏன் விழுந்தது?

பெரிய கார்கோ கன்டெய்னர் ஒன்று வைத்திருந்தான். அதன் கொள்ளளவு 15,625 லிட்டர். லிட்டர் என்றதும் எல்லாரும் அதை ஏதோ தண்ணீர் டேங்க் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். ஆனால் இந்த விளையாட்டில் ஒரு கிலோ தாது பிடிக்கும் இடம் 0.37 லிட்டர். அதாவது ஒரு லிட்டர் இடத்தில் இரண்டே முக்கால் கிலோ அடங்கிவிடும். 15,625-ஐ 0.37-ஆல் வகுத்துப் பாருங்கள். 42,230 கிலோ. நாற்பத்திரண்டு டன்! அவன் கப்பலின் காலி எடை 12 டன். தன் எடையைப் போல மூன்றரை மடங்கு சுமக்கிற பெட்டியை, பார்க்க நன்றாக இருக்கிறது என்று பின்னால் ஒட்டி வைத்திருந்தான்.

இப்போது தூக்கும் பக்கம். பூமி மாதிரியான கோளில் ஒரு டன்னை அந்தரத்தில் நிறுத்த 9.81 கிலோ நியூட்டன் விசை வேண்டும். அவன் கீழ்ப்பக்கம் மாட்டியிருந்தது நாலு சின்ன அட்மாஸ்பெரிக் த்ரஸ்டர். காற்று இருக்கும் இடத்தில் வேலை செய்பவை. ஒன்றுக்கு 96 கிலோ நியூட்டன். நாலும் சேர்ந்தால் 384. அதை 9.81-ஆல் வகுத்தால் 39 டன். கப்பலின் சொந்த எடை 12 டன் போக மீதி 27 டன். ஆக, பெட்டியில் 27 டன் ஏறியதும் கப்பலால் அந்தரத்தில் நிற்க முடியாது. 42-இல் 27 என்றால் மூன்றில் இரண்டு பங்குகூட நிறையவில்லை. ‘பெட்டி முக்காவாசி கூட நெறையலைங்க மாமா’ என்று அவன் சொன்னது பொய்யே இல்லை. கணக்கு அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. ட்ரில்லும் தன் வயிற்றில் கொஞ்சம் தாது வைத்துக்கொள்ளும். மூன்று ட்ரில் இருந்தால் மூன்று வயிறு. பெட்டியில் மட்டும் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. கப்பலின் மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் கப்பல் கட்ட உட்காரும்போது நான் முதலில் எழுதுவது பெட்டியின் அளவை. பெட்டி நிறைந்தால் எத்தனை டன், காலிக் கப்பலின் எடை எத்தனை டன், இரண்டையும் கூட்டி 9.81-ஆல் பெருக்கினால் வரும் விசை கீழ்ப்பக்கம் இருந்தாக வேண்டும். நடுத்தரப் பெட்டி 3,375 லிட்டர். நிறைந்தால் ஒன்பது டன்னுக்குக் கொஞ்சம் மேல். அதைத் தூக்கவே ஒரு சின்ன த்ரஸ்டர் கிட்டத்தட்ட முழுசாகப் போய்விடும். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இந்த நடுத்தரப் பெட்டி போதும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு நடை கூடப் போகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு?

மருமகனுக்குப் பெரிய பெட்டியை விட மனசில்லை. “அப்ப பெரிய த்ரஸ்டர் ஒண்ணு மாட்டிக்கறேனுங்க” என்றான். பெரிய அட்மாஸ்பெரிக் த்ரஸ்டர் 576 கிலோ நியூட்டன். நாலு சின்னதைக் கழற்றிவிட்டு இந்த ஒன்றை மாட்டினால் எடையும் ஏறக்குறைய அதேதான். 576-ஐ வகுத்தால் 58 டன்னுக்கு மேல் தூக்கும். மொத்தச் சுமை 54 டன். போதும்தானே?

தூக்கப் போதும். நிறுத்தப் போதாது.

சத்தியமங்கலத்திலிருந்து ஆசனூர் போகிற வழியில் திம்பம் மலைப்பாதை இருக்கிறது. 27 கொண்டை ஊசி வளைவு. அதில் லோடோடு ஏறுகிற லாரியைவிட லோடோடு இறங்குகிற லாரியைப் பாருங்கள். மனுசன் நடக்கிற வேகத்தில், சின்ன கியரில், முனகிக்கொண்டே வரும். ஏறும்போது சக்தி பத்தாவிட்டால் வண்டி நின்றுவிடும், அதோடு சரி. இறங்கும்போது பிரேக் பத்தாவிட்டால் நிற்காது.

கப்பலுக்கும் அதே கதை. 54 டன்னைத் தாங்கவே 533 கிலோ நியூட்டன் போய்விடுகிறது. பெரிய த்ரஸ்டரின் 576-இல் மிச்சம் 43. அந்த 43-தான் பிரேக். 54 டன் வண்டிக்கு அது விநாடிக்கு 0.8 மீட்டர் வீதம்தான் வேகத்தைக் குறைக்கும். விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் நிற்பதற்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். இந்த விளையாட்டில் அதிகபட்ச வேகம் 100 மீட்டர். அந்த வேகத்தில் வந்தால் ஆறு கிலோமீட்டருக்கும் மேல். தளத்துக்கு இருநூறு மீட்டர் மேலே வந்து பிரேக் பிடிக்கிற பையனுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே இடத்தில் இன்னொரு பெரிய த்ரஸ்டரைச் சேர்த்தால்? மூன்று டன் எடை கூடும். ஆனால் விசை 1,152 ஆகிவிடும். தாங்குவது போக மிச்சம் 590. 50 மீட்டர் வேகத்தில் வந்தாலும் 120 மீட்டரில் நின்றுவிடும். ஒன்றரை கிலோமீட்டர் எங்கே, 120 மீட்டர் எங்கே! விசையை இரண்டு மடங்காக்கினால் பிரேக் இரண்டு மடங்காவதில்லை, பத்து மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. ஏனென்றால் முதல் த்ரஸ்டர் முழுக்க எடையைத் தாங்குவதிலேயே தீர்ந்துவிட்டது. இரண்டாவது வந்ததெல்லாம் லாபம். இதைக் கேட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் “ஓ...” என்றான். புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

எவ்வளவு மிச்சம் வைக்கலாம் என்றால், நிறைந்த எடையைப் போல ஒன்றரை மடங்காவது தூக்கும் விசை இல்லாமல் நான் கோளில் கப்பல் ஓட்டுவதில்லை. எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். வழி மாறாது.

சிறுகோள்களுக்கு நடுவே போனால் ஈர்ப்பு இல்லை, எடை இல்லை, இந்தக் கவலையெல்லாம் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. எடை இல்லாமல் போகும், நிறை அப்படியேதான் இருக்கும். 54 டன் கப்பலில் பின்பக்கம் பெரிய பெரிய த்ரஸ்டராக மாட்டி, முன்பக்கம் பிரேக் பிடிக்க மின்சாரத்தில் ஓடும் சின்ன அயான் த்ரஸ்டர் ஒன்றே ஒன்றை வைத்தால் அதன் விசை 14.4 கிலோ நியூட்டன். 100 மீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பதினெட்டு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். ஈரோட்டில் பிரேக் பிடித்துப் பெருந்துறை பக்கம் போய் நிற்கிற வண்டியை யார் ஓட்டுவார்கள்? ட்ரில் இருக்கும் முகத்தில் த்ரஸ்டர் வைக்க இடமில்லை என்பது உண்மைதான். அதற்காக விட்டுவிடக் கூடாது. பக்கவாட்டில் தோள் மாதிரி கொஞ்சம் நீட்டி, முன்னால் பார்த்து வைத்துக்கொள்ளலாம். நெருப்பு நம் ட்ரில் மேலேயே படாத இடமாக இருக்க வேண்டும். த்ரஸ்டரின் தீ சொந்தக் கப்பலையும் உருக்கும்.

அடுத்து ட்ரில். எல்லாரும் முதலில் இதைத்தான் எண்ணுவார்கள், எட்டு ட்ரில், பத்து ட்ரில் என்று. நான் அதிகம் சொல்லப் போவதில்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக்காரர்களிடம் கேட்டால் ஆறரை இஞ்சு துளைக்குள் கேசிங் பைப் இறங்க வேண்டும் என்பார்கள். அதுதான் இங்கேயும். ட்ரில்கள் போடும் துளைக்குள் பின்னால் வரும் முழுக் கப்பலும் நுழைய வேண்டும். பக்கவாட்டு த்ரஸ்டர் அந்தத் துளையைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குகைக்குள் போன முதல் திருப்பத்திலேயே உடைந்துவிடும். மூன்று ட்ரில்லை அகலமாகப் பரப்பி, உடம்பை ஒல்லியாக வைத்தால் போதும். ஒவ்வொரு ட்ரில்லும் எடை, ஒவ்வொன்றும் மின்சாரம் என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

ரிக் என்றதும் இன்னொன்று. போர் போடுவதை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கம்ப்ரசர் காற்றை உள்ளே அழுத்த அழுத்த, கல் தூள் வெண்புகையாக மேலே வந்து கொட்டும். பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் வெள்ளையாகிச் சண்டை வரும். அந்தத் தூளை வெளியே ஊதித் தள்ளாவிட்டால் ஹேமர் சிக்கிக்கொள்ளும், போர் நின்றுபோகும். விளையாட்டிலும் ட்ரில் குடையும்போது வருவதில் பெரும்பகுதி வெறும் கல்தான். நமக்கு வேண்டிய இரும்போ கோபால்ட்டோ கிடைக்கும் அடுக்குக்குப் போவதற்குள் பெட்டி பாதிக்குக் கல் நிரம்பியிருக்கும். இருபது டன் கல்லைச் சுமந்துகொண்டு ஊர் வந்து சேர்வது வீண் வேலை.

இதற்கு இரண்டு வழி. முதலாவது சும்மா கிடைக்கும் வழி: மவுஸின் இடது பட்டனுக்குப் பதில் வலது பட்டனை அழுத்தித் தோண்டினால் ட்ரில் பாறையைக் கரைக்கும், ஆனால் சேர்க்காது. தாது அடுக்கு வரைக்கும் வலதில் போய், தாது வந்ததும் இடதுக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, கன்வேயர் சார்ட்டர் என்று ஒரு கட்டை இருக்கிறது. அதில் கல் மட்டும் போகட்டும் என்று அமைத்து, ‘டிரெயின் ஆல்’ போட்டு, அதன் மறுமுனையில் எஜெக்டரை மாட்டி வெளியே எறியச் சொல்லிவிட்டால், தோண்டத் தோண்ட கல் பின்னால் கொட்டிக்கொண்டே இருக்கும். மருமகன் கப்பலுக்கு முதல் மேம்பாடாக நான் சொன்னது இதைத்தான். ட்ரில்லைக் கூட்டவில்லை, த்ரஸ்டரை மாற்றவில்லை. ஒரே நடையில் வீடு வரும் இரும்பு ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. ஆனால் ஒன்று: ஆட்டத்தின் முதல் நாளில் கல்லை எறியாதீர்கள். கல்லை உருக்கினாலே கொஞ்சம் இரும்பு, நிக்கல், சிலிக்கான் கிடைக்கும். பசி நேரத்தில் அது பெரிய காரியம். எஜெக்டரை நேர் கீழே பார்த்து வைத்து, நாம் தோண்டும் குழியிலேயே கல்லைக் கொட்டிக்கொள்ளாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் செய்தேன்.

மின்சாரம். பெரிய அட்மாஸ்பெரிக் த்ரஸ்டர் முழு வேகத்தில் 2.4 மெகாவாட் இழுக்கும். இரண்டு இருந்தால் 4.8. வழக்கமான ஸ்மால் கிரிட் பேட்டரி ஒன்று கொடுப்பது 4 மெகாவாட். ஆக இரண்டு பேட்டரி கட்டாயம். ட்ரில்லுக்கும் மற்றதுக்கும் சேர்த்து மூன்றாகவே வைத்துக்கொள்ளலாம். நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். லோடோடு பிரேக் பிடிக்கும் அந்த நேரத்தில்தான் மின்சாரம் பத்தாமல் போகும். எது எப்போது பத்தாமல் போகும் என்று பார்த்தால் எல்லாமே அந்த நேரத்தில்தான்.

தளத்தில் கனெக்டர் வழியாகப் பூட்டியதும் பேட்டரியை ‘ரீசார்ஜ்’ நிலைக்கு மாற்றுவோம். கிளம்பும்போது திரும்ப ‘ஆட்டோ’வுக்கு மாற்ற மறந்தால், கனெக்டரை விடுவித்த அடுத்த நொடி கப்பலில் ஒரு விளக்குகூட எரியாது. தரைக்கு மேலே பத்து மீட்டர் உயரத்தில் தளம் கட்டியிருந்த எனக்கு இது இரண்டு முறை நடந்தது. மூன்றாவது முறை நடக்காமல் இருக்க ஒரு பேட்டரியை மட்டும் எப்போதும் ஆட்டோவிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.

திரும்புவதற்கு கைரோஸ்கோப் வேண்டும்; லோடு ஏறியதும் கப்பல் எருமை மாதிரி திரும்பினால் இன்னொன்று சேருங்கள். தாது எங்கே இருக்கிறது என்று காட்ட ‘ஓர் டிடெக்டர்’ (ஓர் என்றால் இங்கே தாது) ஒன்று போதும். ஸ்மால் கிரிட்டில் அது 50 மீட்டர் தூரம்தான் பார்க்கும் என்பதால் மூக்கு நுனியில், ட்ரில்லுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இவ்வளவும் வேண்டாம், யாராவது கட்டிவைத்ததை எடுத்துக்கொள்கிறேன் என்றால் அதுவும் சரிதான். ஆடுகிறவர்கள் தாங்கள் கட்டியதைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்டீம் ஒர்க்ஷாப் என்ற இணையப் பக்கத்தில் கப்பல் வரைபடங்கள் குவிந்து கிடக்கின்றன. படத்தைப் பார்த்து மயங்காமல் மூன்று விஷயம் கேளுங்கள். அது எந்த இடத்துக்கான கப்பல், காற்றுள்ள கோளுக்கா, வெற்றிடத்துக்கா? கட்டியவர் பெட்டிக் கொள்ளளவை எத்தனை மடங்கில் வைத்து ஆடினார்? கீழ்ப்பக்க த்ரஸ்டரை எண்ணி, பெட்டியை எண்ணி, மேலே போட்ட கணக்கைப் போட்டால் என்ன வருகிறது? நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில், பெயின்ட் அடித்து, மணி தொங்கவிட்டு, கண்ணாடி ஒட்டிய வண்டி எதிரே நின்றாலும் வாங்க வந்தவர் குனிந்து சேஸிஸைத்தான் பார்ப்பார். அப்படிக் குனிந்து பாருங்கள்.

எப்படி இருந்தாலும், புதுக் கப்பலை முதல் தடவை மலை உச்சிக்குக் கொண்டுபோகாதீர்கள். தளத்துக்குப் பக்கத்தில் சமதரையில் கல்லைத் தோண்டிப் பெட்டியை முழுசாக நிரப்பி, ஐந்து மீட்டர் உயரம் ஏறி நின்று பாருங்கள். விழுந்தாலும் ஐந்து மீட்டர்தான். அங்கேயே கொஞ்சம் வேகமாக இறக்கி, எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்தான் உங்கள் கப்பலின் ஆர்சி புக்.

இனி மேம்பாடு. இதை வெறும் ஆசைக்குச் செய்யாமல், எது தடுக்கிறதோ அதை மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் வரிசை தானாக வரும். கோளில் இருக்கும் வரைக்கும் அட்மாஸ்பெரிக் த்ரஸ்டரே ராஜா. எரிபொருள் வேண்டாம், விலை மலிவு. ஆனால் மேலே போகப் போகக் காற்று மெலியும், விசை குறையும், காற்று தீரும் இடத்தில் அது வெறும் இரும்பு. வெற்றிடத்துக்கு ஏற்றது அயான் த்ரஸ்டர். அதுவும் மின்சாரத்திலேயே ஓடும். காற்றுக்குள் வந்தால் மிகக் கொஞ்சம்தான் தள்ளும். இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஹைட்ரஜன். பனிக்கட்டியைத் தோண்டி, ஜெனரேட்டரில் போட்டு, டேங்கில் நிரப்பிக்கொள்ள வேண்டும். பெரிய ஹைட்ரஜன் த்ரஸ்டர் 480 கிலோ நியூட்டன். பெரிய அயான் 172.8 மட்டுமே. ஆனால் ஹைட்ரஜன் குடிக்கிற குடியைப் பார்த்தால் டீசல் விலையே தேவலை என்று தோன்றும்.

“அப்ப நேரா அயான் போட்டுக்கலாமுங்களா மாமா?”

இங்கேதான் விளையாட்டு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அயான் த்ரஸ்டர் செய்ய பிளாட்டினம் வேண்டும். பூமி மாதிரியான கோளில் பிளாட்டினம் கிடையாது. நிலாவுக்கோ சிறுகோளுக்கோ போனால்தான் கிடைக்கும். அங்கே அட்மாஸ்பெரிக் போகாது. அதனால் முதல் பயணம் ஹைட்ரஜனில்தான் போயாக வேண்டும். உறைந்த ஏரிக்குப் போய், நாலு நடை பனிக்கட்டி அடித்து, டேங்கை நிரப்பி, ஒரு சின்ன சுரங்கக் கப்பலை மேலே ஏற்றிவிட்டால், அங்கே எடுக்கும் பிளாட்டினத்தில் அயான் கட்டிக்கொள்ளலாம். அதன் பிறகு வெற்றிடத்தில் எரிபொருள் கவலை இல்லை. மின்சாரம் தரும் அணு உலைக்கு யுரேனியம் வேண்டுமென்றால் அதுவும் சிறுகோள்களில்தான்.

நிலா என்றதும் அவனிடம் ஒரு சேதி சொன்னேன். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்று ஊர் இருக்கிறது, திருச்செங்கோட்டிலிருந்து பக்கம்தான். அந்தப் பக்கத்து அனார்த்தசைட் பாறை நிலாவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. அதை எடுத்துப் பொடித்துத்தான் இஸ்ரோ நிலா மண் மாதிரி ஒன்றைத் தயாரித்து, சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்த்தது. “நம்மூர்க் கல்லுங்களா?” என்று மூன்று தடவை கேட்டான். கப்பலை ஓரம் கட்டிவிட்டு அடுத்த பத்து நிமிடம் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

விளையாட்டு நிலாவில் ஈர்ப்பு பூமியில் கால் பங்கு. ஒரு பெரிய அயான் த்ரஸ்டரே அங்கே 70 டன் தூக்கும். பூமியில் இரண்டு பெரிய த்ரஸ்டர் கேட்ட அதே 54 டன் கப்பல், அங்கே ஒன்றிலேயே எழும்பும். பிரேக்குக்கு இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். அதனால் நிலாக் கப்பலில் பெட்டியைத் தாராளமாகக் கூட்டலாம். ஆனால் அந்தக் கப்பலை லோடோடு பூமிக்கு இறக்கலாம் என்று மட்டும் நினைக்கவே கூடாது. தாதுவை மேலேயே உருக்கிக் கட்டியாக இறக்குவது நல்லது. எடையும் குறையும், இடமும் குறையும்.

லார்ஜ் கிரிட் சுரங்கக் கப்பல் எப்போது என்று கேட்பீர்கள். உருக்கும் உலை காலியாக நின்று தாதுவுக்குக் காத்திருக்கும்போது. உலை நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்போது பெரிய கப்பல் கட்டுவது, களம் காலியாகாமல் இன்னொரு காட்டை அறுப்பது மாதிரி.

மருமகன் இப்போது ஹைட்ரஜன் கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறான். நேற்று ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது. எடுத்ததுமே “விழலைங்க மாமா” என்றான். ஜெனரேட்டரில் போட எடுத்துப் போகும் பனிக்கட்டியின் எடையை நிறைந்த கணக்கில் போடுவதா, காலிக் கணக்கில் போடுவதா என்று சந்தேகமாம். கிளம்பும்போது பனிக்கட்டி நிறைந்திருக்கும், தாதுப் பெட்டி காலி. திரும்பும்போது பெட்டி நிறைந்திருக்கும், பனிக்கட்டி காலி. எதை எடுப்பது?

“ரெண்டும் நெறஞ்சதா வெச்சுப் போடு கண்ணு” என்றேன்.

“அப்ப இன்னொரு த்ரஸ்டர் வேணுமுங்க.”

“வேணும்னா வெய்யி.”

“கோபால்ட் பத்தாதுங்க.”

பழைய கப்பலைப் பள்ளத்திலிருந்து பிரித்தெடுத்துக்கொள்ளச் சொன்னேன்.